மரக்கிளை மலர்களின் மணம்

நுழையும்முன்

கிராம்பு, ஏலக்காய், சுக்கு ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிட முடியும். அந்த மணங்களுக்குக் காரணமான பொருள்கள் அடுக்களைக்கு வெளியிலும் உண்டு. மண்ணைத் தொடாமல் மரக்கிளையில் வாழும் செடிகள் சில, அதே பொருள்களைத் தம் பூக்களில் உண்டாக்குகின்றன. அவை யாரை அழைக்கின்றன, எவ்வாறு அழைக்கின்றன என்பதை இப்பாடம் கூறுகிறது.

கிளையே வாழிடம்

சித்திரை பிறக்கும் நாள்களில் தமிழர் வீடுகளில் புத்தாண்டு கொண்டாடப்படும்போது, அசாம் மாநிலத்தில் ரங்காலி பிஹு விழா நடைபெறுகிறது. அவ்விழாவில் ஆடும் பெண்கள் தம் கொண்டையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் நிறைந்த நீண்ட பூங்கொத்து ஒன்றைச் செருகியிருப்பர். அசாமியர் அதனைக் கொபௌ பூ என்று அழைக்கின்றனர். அது தோட்டத்துப் பாத்தியில் பூத்தது அன்று. பெரிய மரங்களின் கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் ஆர்க்கிட் வகைச் செடியின் பூ. அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களும் அதனைத் தம் மாநில மலராக ஏற்றுள்ளன.

இவ்வாறு வேறொரு மரத்தின்மீது வாழும் செடிகளைத் தாவரவியலார் தொற்றுத் தாவரங்கள் என்பர். பெயரைக் கேட்டதும் நோய்த்தொற்று நினைவுக்கு வரலாம். இங்குத் தொற்றுதல் என்பதற்குப் பற்றிக்கொள்ளுதல் என்பதே பொருள். மரத்தின்மேல் எது முளைத்திருந்தாலும் அதனைப் புல்லுருவி என்று சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. அது பொருந்தாது. புல்லுருவி தன் வேர் போன்ற உறுப்பை மரத்தின் உள்ளே செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. தொற்றுத் தாவரமோ மரத்திடம் நிற்பதற்கு இடம் மட்டுமே பெறுகிறது. உணவையும் நீரையும் தானே தேடிக்கொள்கிறது. பழங்காலத்தவரும் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணவில்லை போலும். தமிழ்நாட்டுச் சமவெளி மாமரங்களிலும் காணப்படும் வாண்டா என்னும் ஆர்க்கிட்டின் பெயர் 'வந்தாக' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணிச் செடிகளையும் அச்சொல் குறித்தது.

வாண்டாவின் வேர்கள் காற்றில் தொங்கும். அவற்றை வெலாமன் என்னும் வெண்ணிறத் திசு உறைபோலச் சூழ்ந்திருக்கும். முதிர்ந்த வெலாமன் செல்களுக்கு உயிர் இல்லை; ஆயினும் பஞ்சைப்போல நீரை ஏற்கும் ஆற்றல் உண்டு. மழை பட்டவுடன் வேரின் வெண்மை நீங்கி உள்ளிருக்கும் பசுமை வெளியே தெரியும். நீர் இவ்வாறு கிடைத்துவிடுகிறது. சத்துகள் கிடைப்பதுதான் அரிது. மழையோடு வரும் தூசி, பறவைகளின் எச்சம், கிளையிடுக்கில் மட்கும் இலைகள் ஆகியவற்றிலிருந்து கசிந்து வருவதே இச்செடிகளுக்கு உரம். ஆகவே இவை மெல்ல வளர்கின்றன. விதையிலிருந்து முளைத்த செடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பட்டியலின்படி நம் நாட்டில் 1256 வகை ஆர்க்கிட்கள் உள்ளன. அவற்றுள் 757 வகைகள் தொற்றுத் தாவரங்கள். ஐந்தில் மூன்று பங்கு ஆர்க்கிட்கள் மண்ணைத் துறந்து மரமேறிவிட்டன என்று இதனைக் கொள்ளலாம்.

மணம் ஏன் வேண்டும்?

மரமேறிய செடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஆனால் துணை தொலைவில் இருக்கிறது. கடுகு வயலில் ஒரு செடியின் பக்கத்தில் ஆயிரம் செடிகள் பூத்து நிற்கும்; தேனீ எந்தப் பூவில் அமர்ந்தாலும் அது கடுகுப் பூவே. காட்டு ஆர்க்கிட்டின் நிலை வேறு. அதே இனத்தைச் சேர்ந்த அடுத்த செடி எத்தனையோ மரங்களுக்கு அப்பால், ஏதோ ஒரு கிளையில், இலைகளுக்குப் பின்னே மறைந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான பூக்களில் மகரந்தம் பொடியாக இருக்கும். ஒரு பூச்சி சிறிது உதிர்த்தாலும், சிறிது தின்றாலும், எஞ்சியதை அடுத்த பூச்சி எடுத்துச் செல்லும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தம் முழுவதும் சில சிறு உருண்டைகளாகத் திரண்டு, அடியில் பசையோடு இருக்கும். பூச்சியின் உடலில் அந்த உருண்டைகள் ஒட்டிக்கொண்டால் மொத்த மகரந்தமும் ஒரே பயணத்தில் போய்விடும். அப்பூச்சி அதே இனத்தின் இன்னொரு பூவை அடைந்தால் ஒரே காயில் இலட்சக்கணக்கான நுண்விதைகள் உண்டாகலாம். வேறு பூக்களை நாடிச் சென்றுவிட்டால் அவ்வளவும் வீண். ஆகவே இச்செடிக்கு வருகின்ற பூச்சி எதுவாயினும் போதும் என்ற நிலை இல்லை. உரிய பூச்சி வர வேண்டும்; அது மீண்டும் அதே இனத்துப் பூவையே தேடிப் போக வேண்டும்.

நிறம் இதற்கு ஓரளவே உதவும். இலைத்திரை அதனை மறைத்துவிடுகிறது, இரவு வந்தால் முற்றிலும் மறைந்துவிடுகிறது. மணத்தை இலை மறைப்பதில்லை. மணமற்ற ஆர்க்கிட்களும் பல உண்டு. அவை வேறு வழிகளைக் கையாள்கின்றன. இப்பாடத்தின் கவனம் மணத்தால் அழைப்பவற்றின் மேலேயே உள்ளது.

ஒரே எழுத்துகள், வேறு சொற்கள்

மணம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். பூவிலிருந்து பிரிந்த மூலக்கூறுகள் காற்றில் மிதந்து வந்து மூக்கினுள்ளோ பூச்சியின் உணர்கொம்பிலோ படும்போது மணம் உணரப்படுகிறது. அவ்வாறு பறப்பதற்கு மூலக்கூறு சிறியதாகவும் எளிதில் ஆவியாவதாகவும் இருக்க வேண்டும். சர்க்கரைக்கு மணம் இல்லாததற்குக் காரணம், அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு ஆவியாகாமல் இருப்பதே.

பூக்களின் மணப்பொருள்களில் டெர்பீன்கள் ஒரு பெருங்குடும்பம். அவற்றுள் லினலூல் என்பது மல்லிகையிலும் கொத்தமல்லி விதையிலும் உள்ளது. ஜெரானியால் என்பது ரோஜாவின் மணத்தில் உள்ளது. சினியோல் என்பது நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருள்; ஏலக்காயிலும் அது உண்டு. இம்மூன்றையும் முகர்ந்தவர் மூன்றும் வெவ்வேறு என்று உடனே சொல்லிவிடுவார். வேதியியலார் எண்ணிப் பார்த்தால் மூன்றிலும் 10 கார்பன் அணுக்கள், 18 ஹைட்ரஜன் அணுக்கள், 1 ஆக்சிஜன் அணு. ஒன்றுகூடக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அணுக்கள் இணைந்திருக்கும் முறை மட்டுமே வேறு. 'கதவு' என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் 'தகவு' என்றாகிறது. எழுத்துகள் அவையே, பொருள் முற்றிலும் வேறு. மூலக்கூறுகளிலும் அப்படியே. போர்னியோ தீவின் காடுகளில் மரத்தின்மேல் வாழும் பெலனாப்சிஸ் பெல்லினா என்னும் ஆர்க்கிட் தன் இனிய மணத்தை முதன்மையாக லினலூல், ஜெரானியால் ஆகிய இரண்டையும் அவற்றோடு தொடர்புடைய பொருள்களையும் கொண்டே ஆக்குகிறது.

இரண்டாவது குடும்பம் பென்சீன் வளையத்தை அடிப்படையாகக் கொண்டது. கிராம்பின் யூஜினால், வலித்தைலங்களில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட், ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலின் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறு சில மணப்பொருள்களில் நைட்ரஜனும் உண்டு. அவற்றுள் இண்டோல் வியப்பானது. மல்லிகையின் செறிந்த மணத்தில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் இண்டோலை மட்டும் தனியே செறிவாக எடுத்து முகர்ந்தால் முகம் சுளிக்க நேரும். அழுகலின் நாற்றத்தையே அது நினைவூட்டும். நறுமணம், தீநாற்றம் என்ற பிரிவு சில பொருள்களில் அளவைப் பொறுத்தது.

இப்பொருள்களைச் செடி இலவசமாகப் பெறுவதில்லை. ஒளிச்சேர்க்கையால் ஈட்டிய கார்பனைக் கொண்டு, நொதிகளின் உதவியால் இதழ்ச் செல்களில் அவற்றைப் படிப்படியாகக் கட்டுகிறது. பின்பு காற்றில் விட்டுவிடுகிறது. சத்துக் குறைந்த கிளையில் வாழும் செடிக்கு இது பெருஞ்செலவு. அதனால்தான் பல பூக்கள் நாள் முழுவதும் மணப்பதில்லை. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியின் பிரசவோலா நொடோசா என்னும் தொற்று ஆர்க்கிட் பகலில் ஏறத்தாழ மணமற்று இருக்கும். இருட்டியபின் மணம் பரப்பும். அதனை நாடி வரும் அந்துப்பூச்சிகள் இரவில்தான் பறக்கின்றன. பகலில் மணத்தைச் செலவிட்டு என்ன பயன்?

சுக்கு மணமும் பழ ஈயும்

மாந்தோப்பு வைத்திருக்கும் உழவர்களுக்குப் பழ ஈ பெரும்பகை. பெண் ஈ காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். பழம் உள்ளே அழுகிவிடும். அதனைக் கட்டுப்படுத்த, மெத்தில் யூஜினாலில் ஊறவைத்த சிறு மரக்கட்டையைப் பொறியில் வைத்துத் தோப்பில் தொங்கவிடுவர். ஆண் ஈக்கள் கூட்டமாக வந்து அதில் மாட்டிக்கொள்ளும். கிராம்பின் யூஜினாலோடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்தால் மெத்தில் யூஜினால் ஆகிறது. துளசியிலும் அது உண்டு.

உழவர் அறிந்த இச்சூழ்ச்சியைத் தென்கிழக்காசியக் காடுகளில் சில ஆர்க்கிட்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றன. பல்போபில்லம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த அச்செடிகள் மரக்கிளையில் படர்ந்து வளர்பவை. அவற்றுள் பல்போபில்லம் சீரி என்பது மெத்தில் யூஜினாலை வெளியிட்டு ஆண் பழ ஈக்களை அழைக்கிறது. பல்போபில்லம் பேடன்ஸ் என்பதன் பூவில் இருப்பது ஜிஞ்சரோன். இஞ்சியைச் சமைக்கும்போது உண்டாகும் இனிய காரமணத்துக்குக் காரணமான பொருள். பழ ஈக்களில் மெத்தில் யூஜினாலை நாடும் இனங்கள் ஒருபுறம், வேறொரு மணத்தை நாடும் இனங்கள் மறுபுறம் என இரு பிரிவுகள் உண்டு. ஜிஞ்சரோனின் வடிவம் இரண்டு மணப்பொருள்களுக்கும் ஓரளவு ஒத்திருப்பதால் இரு பிரிவினரும் அப்பூவுக்கு வருகின்றனர்.

வந்த ஈ பூவின் உதடு போன்ற இதழில் அமர்ந்து மணப்பொருளை நக்குகிறது. அவ்விதழ் ஏற்றப்பலகையைப்போல அசையும் தன்மையுடையது. ஈ சிறிது முன்னே நகர்ந்தவுடன் எடை மாறி, பலகை கவிழ்ந்து, ஈயின் முதுகு மகரந்தத்தின்மேல் மோதுகிறது. ஈக்கும் இழப்பில்லை. தான் உண்ட மணப்பொருளை உடலில் சேர்த்து வைத்து, பெண் ஈயைக் கவரும் மணமாகப் பயன்படுத்துகிறது. தேன் ஒரு துளிகூட இல்லாமல் விருந்து முடிந்துவிடுகிறது.

மணம் சேர்க்கும் தேனீக்கள்

மணத்தையே கூலியாகப் பெறும் பூச்சிகளில் புகழ்பெற்றவை நடு, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஆர்க்கிட் தேனீக்கள். பச்சையும் நீலமுமாக உலோகம்போல ஒளிர்பவை அவற்றுள் பல. ஸ்டான்ஹோபியா, கட்டாசீட்டம், கொங்கோரா முதலிய தொற்று ஆர்க்கிட்களுக்கு அவற்றின் ஆண்கள் மட்டுமே வருகின்றன. அப்பூக்களில் தேன் இல்லை. மகரந்தமும் உணவாகப் பயன்படுவதில்லை. பின் எதற்காக வருகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1960-களில் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெபான் போகல் அவை மணப்பொருளையே அள்ளுகின்றன என்று காட்டினார்.

அள்ளும் முறை நுட்பமானது. ஆண் தேனீ தன் வாயருகே உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் போன்ற நீர்மத்தைப் பூவின்மேல் பூசுகிறது. மணப்பொருள் அதில் கரைகிறது. முன்கால்களின் மயிர்த்தூரிகையால் அக்கலவையைத் துடைத்தெடுத்து, பின்கால்களில் உள்ள பொந்து போன்ற அறைக்குள் சேர்க்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூரில் எள்ளின்மேல் மல்லிகை வகைப் பூக்களைப் பரப்பி, மணத்தை எள்ளின் எண்ணெய்க்கு ஏற்றிப் பின்பு ஆட்டி எடுக்கும் பழைய தொழில் உண்டு. கொழுப்பில் மணம் கரையும் என்ற அதே உண்மையைத் தேனீயும் பயன்படுத்துகிறது. பலநாள் பல இடங்களில் சேர்த்த மணங்கள் ஒன்றுகூடி அத்தேனீயின் தனி அத்தர் ஆகின்றன. காட்டின் நிழலில் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கு அதனைப் பரப்பிப் பெண் தேனீயின் வரவை அது எதிர்பார்க்கிறது.

கால்வே டாட்சன், ராபர்ட் டிரெஸ்லர் முதலிய ஆய்வாளர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முதன்மையானது. அவர்கள் ஆர்க்கிட் மணத்தில் கண்ட சினியோல் முதலிய பொருள்களைத் தனித்தனியே ஒற்றுத்தாளில் நனைத்துக் காட்டில் வைத்தனர். பூவே இல்லாத தாளுக்கு ஆண் தேனீக்கள் பறந்து வந்தன. ஒரு பொருளை மட்டும் வைத்தபோது பல இனத் தேனீக்கள் வந்தன. இன்னொரு பொருளைச் சேர்த்தபோது, வருகை கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வந்த இனங்களின் எண்ணிக்கை குறைந்தது. கூடுதல் பொருள் சிலரை விலக்கிவிட்டது. ஒவ்வோர் ஆர்க்கிட்டும் பொதுவான சில பொருள்களைக் கொண்டே, கலவையின் விகிதத்தால் தனக்குரிய தேனீயை மட்டும் அழைக்கிறது. தெருவின் பெயரோடு கதவிலக்கத்தையும் எழுதினால் கடிதம் ஒரே வீட்டைச் சேர்வது போன்றது இது.

இவ்வினத்தில் வாளி ஆர்க்கிட் எனப்படும் கோரியாந்தஸ் தனிச்சிறப்புடையது. அதன் இதழ் ஒரு வாளியாக வளைந்திருக்கும். மேலுள்ள சுரப்பிகளிலிருந்து நீர்மம் அதில் சொட்டும். மணம் சேர்க்க முண்டியடிக்கும் தேனீக்களுள் ஒன்று வழுக்கி வாளிக்குள் விழும். இறகு நனைந்ததால் பறக்க இயலாது. பக்கவாட்டில் உள்ள குறுகிய வாயில் ஒன்றே வழி. அதில் நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது மகரந்த உருண்டைகள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். டிரினிடாட் தீவில் குரூகர் என்பவர் இதனை நேரில் கண்டு 1860-களில் எழுதினார். டார்வினும் அதனை எடுத்துக்காட்டினார்.

டார்வின் என்றதும் மடகாஸ்கரின் நட்சத்திர ஆர்க்கிட் நினைவுக்கு வரும். ஆங்ரேகம் செஸ்குவிபெடேல் என்ற அந்த வெண்மலரின் பின்புறம் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள தேன்குழல் தொங்குகிறது. தேன் அதன் அடியில் மட்டுமே உண்டு. 1862-இல் அம்மலரைப் பெற்ற டார்வின், அவ்வளவு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அங்கு இருந்தாக வேண்டும் என்றார். அத்தகைய அந்துப்பூச்சி 1903-இல் விவரிக்கப்பட்டது. அப்பூவுக்கு அது வருவது 1992-இல் உறுதி செய்யப்பட்டது. பலரும் சொல்லும் கதை இது. சொல்லும்போது குழலின் நீளத்தையே பேசுவர், மணத்தை விட்டுவிடுவர். இருளில் அந்தப் பூச்சி குழலின் வாயை அடைவதற்கு முன், தொலைவிலிருந்து அதனை அழைத்து வருவது இரவில் மட்டும் செறியும் அம்மலரின் நறுமணமே.

மணத்தைப் பிடிப்பது எப்படி?

உயரமான மரத்தில் இரவில் எழும் மணத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவது எளிதன்று. பூவைப் பறித்தால் மணம் மாறிவிடும். சுவிட்சர்லாந்து வேதியியலார் ரோமன் கைசர் பூவைச் செடியிலேயே விட்டு, அதனைச் சுற்றிக் கண்ணாடிக் குடுவையைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை மெல்ல இழுத்து ஒரு நுண்குழாயில் செலுத்தினார். குழாயில் உள்ள உறிஞ்சுபொருள் மண மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்பு ஆய்வுக்கூடத்தில் வாயு வண்ணப்பிரிகை முறையால் அவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். நிறை நிறமாலைமானி என்னும் கருவி ஒவ்வொன்றும் எது என்று காட்டும். அவர் ஆர்க்கிட்களின் மணம் பற்றி 1993-இல் ஒரு நூல் எழுதினார். ஒரே பூவின் மணத்தில் பத்துக்கணக்கான பொருள்கள் இருப்பது இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தது.

துணையைப் பிரிந்த கொடி

வனிலாவும் ஓர் ஆர்க்கிட்டே. மண்ணில் முளைத்து மரத்தைப் பற்றி ஏறி, பின்பு காற்றுவேர்களையும் நம்பி வாழும் கொடி அது. தாயகம் மெக்சிகோவும் அதன் அண்டைப் பகுதிகளும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அதனை இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டு சென்றனர். கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் பூவை அறிந்த மெக்சிகோக் காட்டுத் தேனீக்கள் அத்தீவில் இல்லை. 1836-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் சார்லஸ் மோரன் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்கவைத்தார். அம்முறை தோட்டங்களுக்கு ஏற்றதாக அமையவில்லை.

வழி கண்டவன் எட்மண்ட் என்னும் அடிமைச் சிறுவன். 1841-இல் அவனுக்கு வயது 12. பூவுக்குள் மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவே உள்ள மெல்லிய தடுப்பை ஒரு சிறு குச்சியால் விலக்கி, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். காய் பிடித்தது. தோட்டந்தோட்டமாக அவனை அழைத்துச் சென்று பிற அடிமைகளுக்குக் கற்பிக்கச் செய்தனர். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் எட்மண்ட் அல்பியஸ் என்ற பெயரோடு விடுதலை பெற்றான். வனிலாவால் பிறர் செல்வரானார்கள். அவன் 1880-இல் வறுமையில் இறந்தான். மடகாஸ்கரிலும், தென்னிந்தியத் தோட்டங்களிலும் இன்றுவரை கையாளப்படுவது அச்சிறுவனின் முறையே. பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவையும் கைதொட வேண்டும்.

பறித்த பச்சைக் காயில் வனிலா மணம் இல்லை என்பது பலரும் அறியாதது. அங்கு வனிலின் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு பிணைந்து, ஆவியாக முடியாமல் கிடக்கிறது. காயை வெந்நீரில் வாட்டி, வெயிலில் காயவைத்து, துணியில் பொதிந்து வியர்க்கவிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்தும்போது காயின் நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன. வனிலின் விடுபடுகிறது, மணம் எழுகிறது.

இடம்பெயர்க்கப்பட்ட ஆர்க்கிட்கள் எல்லாம் வனிலாவைப்போலத் தழைத்துவிடவில்லை. 1850-இல் ஜோசப் ஹூக்கர் காசி மலைகளில் நீலவாண்டாவை ஏழு ஆள் சுமை அளவு திரட்டி இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அதே மலையிலிருந்து வேறொருவர் அனுப்பிய ஓர் ஆள் சுமை, நலிந்த நிலையில் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலைபோனது. விலை அறிந்தபின் காடுகளில் நீலவாண்டா எளிதில் தப்பியிருக்க முடியுமா? இன்று அது நம் நாட்டில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற செடி. கடைகளில் விற்கும் கலப்பின ஆர்க்கிட்களோ நிறத்துக்காகவும் பல நாள் வாடாமைக்காகவும் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அவற்றுள் பலவற்றை முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூச்சி வர வேண்டாத பூவுக்கு மணம் எதற்கு என்று வணிகர் கருதியிருக்கலாம்.

செடியை யாரும் தொடாவிட்டாலும் அழைப்பு இடையில் அறுந்துபோகலாம். வாகனப் புகையால் காற்றில் சேரும் பொருள்களிலிருந்து இரவில் நைட்ரேட் உறுப்பு என்னும் வினைமிகு பொருள் உண்டாகிறது. அது டெர்பீன் மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைக்கிறது. அமெரிக்காவில் மண்ணில் வளரும் ஓர் இரவு மலரில் இதனை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். மணம் சிதைந்தபோது அந்துப்பூச்சிகளின் வருகை 70 விழுக்காடு குறைந்தது. மலர் முழு மணத்தோடுதான் நின்றது. காற்றில் சிறிது தொலைவு செல்வதற்குள் கலவையின் விகிதம் மாறிவிட்டது. மரக்கிளை மலர்களின் மணத்திலும் அதே டெர்பீன்கள் உள்ளன.

தமிழ்நாட்டின் ஏற்காட்டிலும் மேகாலயத்தின் ஷில்லாங்கிலும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் தேசிய ஆர்க்கிட் பூங்காக்களை நடத்துகிறது. காட்டில் அருகிவரும் வகைகள் அங்குத் தொட்டிகளிலும் மரக்கட்டைகளிலும் வளர்க்கப்படுகின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ஏற்காட்டுப் பூங்காவைக் காணலாம். ஒரே செடியைக் காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் முகர்ந்து பார்ப்பது நல்லது.

சொல்லும் பொருளும்

அந்துப்பூச்சி – வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கிய, பெரும்பாலும் இரவில் பறக்கும் பூச்சி
அருகுதல் – எண்ணிக்கையில் குறைதல்
ஒற்றுத்தாள் – மையை உறிஞ்சும் தாள்
சூலகமுடி – மகரந்தத்தை ஏற்கும் பூவுறுப்பு
தகவு – தகுதி, நடுவுநிலைமை
நொதி – உயிரிகளில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்

மதிப்பீடு

1. புல்லுருவிக்கும் தொற்றுத் தாவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு தொடர்களில் எழுதுக.
2. 1969-ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டாவது மணப்பொருளைச் சேர்த்தபோது வந்த தேனீ இனங்கள் குறைந்தன. அது ஆர்க்கிட்டுக்கு நன்மையா, தீமையா? காரணம் தருக.
3. 'கதவு – தகவு' போல எழுத்துகள் இடம் மாறுவதால் பொருள் மாறும் சொல்லிணைகள் இரண்டினைக் கண்டு, ஒவ்வொரு சொல்லையும் தொடரில் அமைக்க.
4. வனிலாக் கொடி ரீயூனியன் தீவில் பூத்தும் காய்க்காததற்குக் காரணம் யாது? எட்மண்டின் முறையை உம் சொற்களில் விளக்குக.
5. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, மாலையிலோ இரவிலோ மட்டும் மணக்கும் மலர்கள் மூன்றின் தமிழ்ப் பெயர்களை எழுதுக. இப்போது வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் அறிந்து உடன் எழுதுக.